காசநோய்: வீடு, உணவு, கூலி குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: காசநோய் கிருமியால் வருவதுதானே? அதை ஏழைகளின் நோய் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. ஆனால் கிருமி உடலில் புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். அந்தச் சிலர் யார் என்பதில் உண்ணும் உணவுக்கும், உறங்கும் அறைக்கும், கல்குவாரித் தூசு போன்ற வேலையிடக் கேடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. பருப்பும் அரிசியும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன. ரேஷன் கடையையும் நான் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

கேள்வி: ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம். ஒருவருக்கு நோய் உறுதியாகிவிட்டது. அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தால் போதுமா?

பதில்: தட்டால் இந்நோய் பரவாது, அவரை அப்படி ஒதுக்கிப் புண்படுத்த வேண்டாம். இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதக்கின்றன என்பதால், சன்னலைத் திறந்து வையுங்கள். அவர் முகக்கவசம் அணியட்டும். மற்ற ஐவரும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் இடவசதி இல்லை. அப்பாவை வெளியூர்க் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தால்தான் குணமாவாரா?

பதில்: இதற்கு விடை கண்டதே நம் சென்னைதான். 1956இல் இங்கு தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் மருத்துவமனையிலும், மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளிலேயே குறைந்த உணவோடும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு தரப்பிலும் குணமடைந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே தந்தையை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம். அதற்காக உணவு முக்கியமில்லை என்று கொள்ள வேண்டாம். உடல் மிக மெலிந்த நிலையில் சிகிச்சைக்கு வருவோரிடம் இறப்பு அதிகம்.

கேள்வி: கட்டட வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆறு மாதம் எப்படி மாத்திரை சாப்பிடுவது?

பதில்: ஆறு மாதமும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் உங்கள் உடல்நிலை பார்த்துச் சொல்வார். சத்துணவுக்காக அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய்; இழந்த கூலிக்கு அது ஈடாகாது என்பது எனக்கும் வருத்தமே. ஆயினும் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைச் சுகாதாரப் பணியாளரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.