மேற்கத்திய இசையின் டோ, ரே, மி என்ற ஸ்வரப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

திருமுழுக்கு யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் துதிப்பாடலிலிருந்துதான். ஏறத்தாழ 1030-ல், இத்தாலியின் அரெட்சோ நகரத் துறவி குய்தோ, புதுப் பாட்டைக் கேட்காமலே, எழுதிய இசைக்குறியைப் பார்த்துப் பாடச் சிறுவர்களைப் பழக்க வழி தேடினார். அந்தத் துதியில் ஒரு விசேஷம்: முதல் ஆறு சொற்றொடர்களும் ஒவ்வொரு படி மேலேறித் தொடங்கும். ‘ஊத் க்வெயாந்த் லாக்ஸிஸ்’, அடுத்து ‘ரெசொனாரே ஃபிப்ரிஸ்’, அப்புறம் ‘மீரா’... அந்த முதலசைகளே ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. ஒரு ஸ்வரம் மறந்தால் அந்த வரியை மனதில் பாடிப் பிடித்துக்கொள்ளலாம். எத்தனை அழகான யோசனை! ‘ஊத்’ மெய்யெழுத்தில் முடிவதால் நீட்டிப் பாட வராது. அதனால் 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் ‘டோ’ ஆக்கினார்கள். ஏழாவதான ‘சி’யும் பின்னால் சேர்ந்ததுதான்.