வாசகர் கேள்வி–பதில்: ரயில் நிலையத்துக்கு ஏன் அவ்வளவு உயரக் கூரை?

கேள்வி: நூறு வருடம் பழைய ரயில் நிலையங்களின் படங்களைப் பார்த்தால் முன்னால் அரண்மனை, உள்ளே இரும்பும் கண்ணாடியுமாக ராட்சதக் கூரை. ரயில் வந்து நிற்க அவ்வளவு உயரம் எதற்கு?

பதில்: புகைக்காகத்தான். நீராவி எஞ்சின் நிற்கும்போதும் கரிப்புகையைக் கக்கிக்கொண்டே இருக்கும், கூரை தாழ்வாக இருந்தால் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு மூச்சு முட்டும். அதனால் கூரையை உயரத் தூக்கினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே தூண் வந்தால் இடைஞ்சல் என்பதால் அகலமான இரும்பு வளைவுகளைப் போட்டார்கள். இது பொறியாளர் வேலை. ஊரைப் பார்த்து நிற்கும் முகப்பு மட்டும் கட்டடக் கலைஞர் கைக்குப் போனது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நிலையத்தில் (1905) இது அப்படியே தெரியும்: குவிமாடம் வைத்த கல் மண்டபம் லூயி டெலசென்செரி வடிவமைத்தது, பின்னால் இருக்கும் இரும்புக் கூரை கிளெமென்ட் வான் போகார்ட் என்ற பொறியாளருடையது.

மின்சாரம் வந்ததும் எல்லாம் மாறியது. 1902-இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகையும் ஆவியும் சிக்னலை மறைத்ததால் ரயில்கள் மோதி 15 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு மன்ஹாட்டனில் நீராவி எஞ்சினுக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். புகை இல்லையென்றால் உயரக் கூரையும் வேண்டாமே! வில்லியம் வில்கஸ் என்ற பொறியாளர், தண்டவாளங்களை இரண்டு அடுக்காகப் பூமிக்கடியில் இறக்கிவிடலாம், மேலே கிடைக்கும் வெளியைக் கட்டடங்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்றார். அப்படி வந்ததுதான் 1913-இல் திறந்த நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையம். எல்லோரும் அங்கே விண்மீன் வரைந்த மேற்கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், எனக்கோ அதன் சரிவுப் பாதைகள்தான் பெரிய விஷயம். பெட்டி தூக்கி வருபவரைப் படி ஏறி இறங்க வைக்கக் கூடாது என்று யோசித்து, எவ்வளவு சரிவு வைப்பது என்பதை மாதிரிச் சரிவுகள் கட்டி, ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தே முடிவு செய்தார்கள். இப்படி ஒரு அக்கறை எத்தனை கட்டடங்களில் இருக்கிறது, சொல்லுங்கள்?

கேள்வி: ஜெர்மனியின் லைப்சிக் நிலையத்துக்கு ஒரே மாதிரி இரண்டு நுழைவு மண்டபங்கள் ஏன்?

பதில்: அதை இரண்டு ஜெர்மன் மாநிலங்களின் ரயில்வேக்கள் பங்கு போட்டுக்கொண்டன. மேற்குப் பாதி பிரஷ்யாவுக்கு, கிழக்குப் பாதி சாக்சனிக்கு. யாருக்கும் குறை வரக்கூடாதல்லவா, மண்டபம், படிக்கட்டு எல்லாமே இரண்டிரண்டு! 298 மீட்டர் நீள முகப்போடு 1915-இல் கட்டி முடித்தார்கள். 1920-இல் மாநில ரயில்வேக்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன.