ஐவரி கோஸ்ட் முந்திரி ஆலை வேலை: மகனை அனுப்பும் முன்

களியக்காவிளையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உணவுத் தொழில்நுட்பம் முடித்த மகனை மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டில் புதிதாகத் திறக்கும் முந்திரி ஆலைக்கு அழைக்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலை அங்கே போவதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஒரு கிலோ பருப்புக்குச் சுமார் நாலு கிலோ தோட்டண்டி, அதாவது ஓட்டோடு இருக்கும் உடைக்காத முந்திரிக்கொட்டை வேண்டும். அதைக் கொல்லத்துக்கோ மார்த்தாண்டத்துக்கோ கொண்டுவந்தால் கப்பல் வாடகையில் பெரும்பங்கு மேலோட்டுக்குத்தான் போகிறது. விளையும் இடத்திலேயே உடைத்தால் அது மிச்சம்.

ஆனால் அந்த ஆலை எந்தக் கட்டம் வரை வேலை செய்கிறது என்று கேளுங்கள். அவித்து, உடைத்து, போர்மா என்னும் சூட்டடுப்பு அறையில் காயவைத்து, பருப்பை மூடிய மெல்லிய தொலியோடு வேறு நாட்டுக்கு அனுப்பிவிடும் ஆலை என்றால், முழுப்பருப்பை அளவு பார்த்து டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிக்கவும் பேக்கிங் செய்யவும் தம்பி கற்க முடியாது. இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும்போது பாதித் தொழில்தான் கையில் இருக்கும்.

அங்கே அதிக மதிப்பு கொள்முதலில் தரம் பார்ப்பவருக்கு. பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்த ஒரு கிலோ தோட்டண்டியை வெட்டி, நல்ல பருப்பைத் தொலியோடு நிறுக்க வேண்டும். அரைகுறைப் பருப்பில் பாதி எடையை அதோடு சேர்க்கலாம். பூஞ்சையும் சொத்தையும் கழிவு. 272 கிராம் வந்தால் 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு. மூட்டை விலையே இந்தக் கணக்கில்தான். ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டிய காயைக் குடோனில் அடுக்கினால் பூஞ்சை பிடித்துப் பருப்பு கறுத்துவிடும். போர்மாவில் சூடு குறைந்தால் தொலி கழலாது, கூடினால் தோலெடுக்கும்போது பருப்பு உடையும். பயணத்துக்கு முன் இரண்டு மாதம் மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் இவற்றைக் கையால் செய்து பழகட்டும். மேலோட்டு எண்ணெய் பட்டால் கைத்தோல் புண்ணாகிவிடும், கையுறை கட்டாயம்.

ஏஜென்ட் மூலம் என்றால் அவருடைய பதிவு எண்ணை வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். சேவைக் கட்டணம் சட்டப்படி அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம் என்றால் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் பிரெஞ்சு மொழியில் வந்தால் மொழிபெயர்ப்பு இல்லாமல் கையெழுத்து வேண்டாம். தொழிலாளர்களிடம் பேசவும் பிரெஞ்சு வேண்டும். அடிப்படை வகுப்பு இப்போதே தொடங்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்தில் இறங்கியதுமே தனிமைப்படுத்துவார்கள். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே அறுவடை பிப்ரவரி முதல் ஜூன் வரை. குடோன் இருப்பு தீர்ந்தால் ஆலை நிற்கும். நிற்கும் மாதங்களில் முழுச் சம்பளமா, பாதியா, விடுப்பில் ஊருக்கு அனுப்பினால் டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழி உறுதியை ஏற்க வேண்டாம்.