மூளை ஸ்கேன்ல குணம் தெரியுமா? கேட்டவங்களுக்கு என் பதில்

வணக்கம். நான் கேஎல்ல (கோலாலம்பூர்) எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிற வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல. மூளையும் குணமும் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நிறைய வந்திருக்கு, முடிஞ்சதுக்கு பதில் போடுறேன்.

செந்தூல் அக்கா: தம்பி, மகன் படிக்கிற தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) ஒரு கம்பெனி வந்து பத்து விரல் ரேகையும் எடுத்து, இடது மூளைப் பிள்ளையா (கணக்குல கெட்டி) வலது மூளைப் பிள்ளையா (கலையில கெட்டி), குணம் என்னன்னு ரிப்போர்ட் தராங்களாம். காசு கட்டலாமா?

கட்டாதீங்கக்கா. ரேகை அம்மா வயித்துல இருக்கும்போதே அமைஞ்சிடுது, அத வச்சு புள்ளையோட குணத்த சொல்லலாம்ங்கிறதுக்கு நம்பற மாதிரி ஆதாரமே இல்ல. பேச்சு மாதிரி சில வேலை பெரும்பாலும் இடது பக்கம் நடக்குது, அது உண்மை. ஆனா 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல 1,011 பேரோட ஸ்கேன அலசிப் பாத்தாங்க, ஒரு பக்க மூளைதான் ஓங்கி நிக்குதுன்னு சொல்ற மாதிரி ஆளுங்கள காணோம். அஞ்சு வயசு புள்ளைக்கு இப்பவே "நீ கணக்குக்கு லாயக்கில்ல"ன்னு முத்திரை குத்துறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

கெப்போங் தம்பி, காலேஜ்: அண்ணே, கம்பி குத்துன ஆளு கதை நெசமா? தலையில அடிபட்டு வேற மனுசனா ஆயிட்டாருன்னு லெக்சரர் சொன்னாங்க.

நெசம்தான், ஆனா பாதிக் கதைதான் எல்லாரும் சொல்றாங்க. பினியஸ் கேஜ், 25 வயசு, அமெரிக்காவுல வெர்மான்ட்ல ரயில் பாதை போடுற இடத்துல மண்டோர், அதாவது வேலையாளுங்களுக்கு மேஸ்திரி. 1848 செப்டம்பர்ல வெடிமருந்த பாறை ஓட்டைல இடிக்கும்போது வெடிச்சு, ஒரு மீட்டருக்கு மேல நீளம், ஆறு கிலோ கிட்ட எடை உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குள்ள பூந்து உச்சந்தலை வழியா வெளிய போச்சு, ஆளு பிழைச்சுட்டாரு. மூளையோட முன்பகுதி போனதால முன்கோபம், கெட்ட பேச்சு, எதையும் ஒழுங்கா முடிக்காத குணம் வந்துச்சுன்னு வைத்தியம் பாத்த ஹார்லோ எழுதி வச்சாரு. விட்டுப்போற மீதி என்னன்னா, அவரு அப்புறம் சிலி நாட்டுக்குப் போயி வருசக்கணக்கா குதிரை வண்டி ஓட்டுனாரு. பல குதிரைய ஒண்ணா அடக்கி, நேரத்துக்கு வண்டி எடுக்கிற வேலைய நிதானம் இல்லாத ஆளு செய்ய முடியுமா? கொஞ்சமாவது தேறியிருக்காருன்னுதான் நான் நெனைக்கிறேன்.

பங்சார்லேருந்து ஒருத்தங்க: நான் கூச்ச சுபாவம். ஸ்கேன் எடுத்தா தெரியுமா?

தெரியாதுங்க. 2010ல 116 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, கலகலப்பா பழகுறவங்களுக்கு கண்ணுக்கு மேல இருக்கிற மூளைப் பகுதி கொஞ்சம் பெருசுன்னு. 2020ல 1,107 மாணவர்கள வச்சு பாத்தப்ப அந்த மாதிரி தொடர்பு எதுவும் உறுதியா நிக்கல. நான் தினம் ஸ்க்ரீன்ல பாக்குற சாம்பல் கலர் படத்துல கட்டி தெரியும், ரத்தக் கசிவு தெரியும், சுருக்கம் தெரியும், கூச்சம் தெரியாது.

சுங்கை பூலோ அண்ணன்: மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி இருக்காமே, அது இல்லாட்டி பயமே வராதாமே?

பாதி சரி. அபூர்வ நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் கெட்டுப்போன ஒரு அம்மா பாம்புக்கும் பயப்படல, கத்திக்கும் பயப்படல. ஆனா கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்த மூச்சுல இழுக்க வச்சப்ப மிரண்டுட்டாங்க. ஒரு பகுதிக்கு ஒரு குணம்னு கணக்கு போட முடியாதுண்ணே.

கிள்ளான் தங்கச்சி: அப்பாவுக்கு 58. அமைதியான மனுசன், ஒரு வருசமா வெளியாளுங்க முன்னாடி கண்டபடி பேசுறாரு, அம்மா காய்ச்சல்ல படுத்தா கூட கண்டுக்கல, இனிப்பா தின்னுக்கிட்டே இருக்காரு. ஞாபகம் நல்லாதான் இருக்கு. வயசுக் கோளாறுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

தங்கச்சி, இத விட்டுடாதீங்க. பெரிய ஆளுக்கு குணம் இப்படி மாறுனா டாக்டர் பாக்கணும். மூளையோட முன்பகுதியும் பக்கவாட்டும் சுருங்குற ஒரு வகை டிமென்ஷியா (மூளைத் தேய்வு நோய்) இருக்கு, 45லேருந்து 65 வயசுக்குள்ளதான் அதிகமா ஆரம்பிக்கும், ஞாபகம் மொதல்ல நல்லாவே இருக்கும். அதுதான்னு நான் சொல்லல, மனச்சோர்வு, தைராய்டு, கட்டி, சின்ன ஸ்ட்ரோக், எதுவா வேணும்னாலும் இருக்கலாம், சிலத குணப்படுத்தவும் முடியும். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காட்டி பெரிய ஹாஸ்பிட்டலுக்கு லெட்டர் கேளுங்க. எது மாறுச்சு, எந்த மாசம்னு எழுதிக்கிட்டு அம்மாவும் கூடவே உள்ள போகட்டும், ஏன்னா அப்பாவ கேட்டா ஒண்ணும் இல்ல நல்லாதான் இருக்கேன்னுதான் சொல்வாரு.