கேஸ் டர்பைனும் உப்பங்காற்றும்: ஃபில்டர் பற்றிச் சில கேள்விகள்

புதுச்சேரியில் என் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. இரும்பு கேட்டுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறேன், அடுத்த தீபாவளிக்குள் கீல் துருப்பிடித்துவிடுகிறது. இந்தக் கரையோரம் மின்சாரத்துக்காக ஓடும் கேஸ் டர்பைனும் அதே உப்புக் காற்றைத்தான் ஃபில்டர் வழியாக இழுத்து, கம்ப்ரசரில் அழுத்தி, எரிபொருளோடு எரித்துச் சுழல்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

எங்களிடம் எஃப்9 தர ஃபில்டர் இருக்கிறது. இ10, இ12 என்ற மேல்தரங்களுக்கு மாறச் சொல்கிறார்கள். துகள் பிடிக்கும் திறன் எஃப்9-க்கு 95 சதவீதம், இ10-க்கு வெறும் 85 சதவீதம் என்று போட்டிருக்கிறதே? டிபி (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) ஏறி லோடும், அதாவது மின் உற்பத்தியும், குறையாதா? (காரைக்கால், பராமரிப்புப் பொறியாளர்)

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. எஃப்9-க்குச் சொல்லும் 95, சோதனையில் தூசி ஏற்றிக்கொண்டே போய் எடுத்த சராசரி. துகளை ஈர்க்க இழையில் இருக்கும் மின்னூட்டத்தை நீக்கிவிட்டு அதே ஃபில்டரைப் பார்த்தால் 70 சதவீதம் பிடித்தாலே பாஸ். இ10-இன் 85, எந்த அளவுத் துகள் மிக எளிதாக நழுவுமோ அந்த அளவிலேயே எடுத்தது. ஆக 70-ஐயும் 85-ஐயும்தான் ஒப்பிட வேண்டும். இ12 என்றால் அது 99.5. டர்பைனுக்கென்றே வந்திருக்கும் ஐஎஸ்ஓ 29461 தரத்தின்படி சோதனை அறிக்கை கேளுங்கள், இந்தக் குழப்பம் குறையும்.

சரி, லாபமா நஷ்டமா? நொடிக்கு 100 கிலோ காற்று இழுக்கும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு நாளைக்குச் சுமார் 72 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டரில் 50 மைக்ரோகிராம் தூசி இருந்தால் நாளைக்கு 360 கிராம், ஆண்டுக்கு 130 கிலோ. அதில் 5 சதவீதம் நழுவினாலும் ஆறரை கிலோ கம்ப்ரசருக்குள் போகிறது. வீட்டு ஃபேன் இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாகப் படிகிறதே, அதே படிவுதான் பிளேடிலும். டிபி 25 மி.மீ. நீர் அளவு கூடினால் உற்பத்தியில் ஏறக்குறைய அரை சதவீதம் போகும். அழுக்கேறிய கம்ப்ரசரோ அடுத்த வாட்டர் வாஷுக்குள் (நீர் விட்டுக் கழுவுவதற்குள்) அதைப்போலப் பல மடங்கு தின்றுவிடும்.

இன்னொன்று, கம்ப்ரசர் அழுக்கைக் கழுவலாம். உப்பிலுள்ள சோடியம் எரியறையில் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகி டர்பைன் பிளேடை அரித்துவிட்டால் அதைக் கழுவ முடியாது.

என் கருத்து: மாறுங்கள். ஆனால் இருக்கிற ஃபிரேமில் இ12-ஐ மட்டும் செருகிவிட்டால் சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும். முன்னால் நீர்த்துளிகளைத் திரட்டி வடியவிடும் நல்ல கோலெஸரும், பெரிய தூசியைப் பிடிக்கும் பிரீஃபில்டரும் வேண்டும். இவையெல்லாம் இருக்கும் ஃபில்டர் ஹவுஸ் சிறியதாக இருந்தால் முதலில் அதைப் பெரிதாக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

நெய்வேலியிலும் இப்படி ஃபில்டர் உண்டா? (கடலூர், டிப்ளமோ மாணவர்)

இல்லை தம்பி. அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து நீராவியில் டர்பைனைச் சுற்றுகிறார்கள். காற்று உலைக்குத்தான் போகிறது, டர்பைன் பிளேடைத் தொடுவதில்லை.

பல்ஸ் அடித்துத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் இருக்கும்போது, எதற்கு அப்படிச் சுத்தம் செய்துகொள்ளாத ஸ்டாட்டிக் ஃபில்டர்? (கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்து)

பல்ஸ் பாலைவனத்துக்கு ஏற்றது. உலர்ந்த தூசி ஏடாகப் படியும், உள்ளிருந்து காற்றை ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். இங்கே நிலைமை வேறு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானே நீர்த்துவிடும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவரைக் கேளுங்கள், கொண்டல் அடித்தால் குவியல் வியர்க்கும் என்பார். நீர்த்த உப்பு தூசியோடு சேர்ந்து பசையாகிவிட்டால் எந்தப் பல்ஸுக்கும் அசையாது. அதைவிட மோசம், திரவமாக இழையூடே ஊர்ந்து மறுபக்கம் வந்து, வெயில் ஏறியதும் மறுபடி உப்பாகக் காய்ந்து உள்ளே பறக்கும். கரையோரம் என்றால் நீரை ஒட்டவிடாத செயற்கை இழை ஸ்டாட்டிக் ஃபில்டர்தான் என் தேர்வு.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் விடியற்காலையில் டிபி ஏறி, பத்து மணிக்குமேல் இறங்குகிறது. டிபியை அளந்து காட்டும் டிரான்ஸ்மிட்டர் கோளாறா? (புதுச்சேரி)

நாங்களும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தோம். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், வழக்கமாக 60 மி.மீ. காட்டும் டிபி ஒரு மழை இரவில் 130-ஐத் தாண்டியது. இன்ஸ்ட்ருமென்ட் ஆள் வந்து டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, சோதித்து, மாட்டினார். அதே 130. லோடைக் குறைத்துவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தால், பிரீஃபில்டர் நனைந்த வேட்டி மாதிரி தொங்குகிறது, காலடியில் கணுக்கால் அளவுத் தண்ணீர். வடிகுழாய்க்குள் குருவிக்கூடு. குச்சியால் குத்தி எடுத்ததும் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. மறுநாள் வெயிலில் டிபியும் இறங்கியது. உள்ளே இருந்தது காகித நார் ஃபில்டர், ஈரத்தில் ஊதிக்கொள்ளும் ரகம்.

உங்களுடையதும் ஈரமாகத்தான் இருக்கும். வடிகுழாயில் நீர்முத்திரை, அதாவது வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர், இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால், அது வற்றிப்போனால் அந்தக் குழாயே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். இதைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பழைய ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாமா?

கூடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், பிடிக்கும் திறன் போயிருக்கும்.

புது ஃபில்டர் மாட்டிவிட்டோம். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? (கடலூர் முதுநகர், ஃபிட்டர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து இ12 வாங்குவார்கள், விளிம்பில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் மடங்கியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மெஷின் நின்று, பர்மிட் வாங்கி, யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டுப் போட்ட பிறகு நண்பகலில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சுத்தக்காற்று அறைக்குள் போங்கள். பையில் பேனா, நட்டு எதுவும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம் நாலு பக்கமும் பாருங்கள். எங்கேயாவது முடி அளவு வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, அந்த ஃபில்டரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.