கன்னங்குறிச்சி வீட்டுக்குள் சேர்வராயன் மலை

கேள்வி: எனக்கு 36 வயது. சேலம் கன்னங்குறிச்சியில் தாத்தா கட்டிய வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன், எல்லாம் சேர்த்து 430 சதுர அடி. நானும் அப்பாவும் மட்டும்தான் இருக்கிறோம். அம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. பிங்க் சுவர், பூப்போட்ட கர்ட்டன், ஷோகேஸ் நிறைய பொம்மை. இயற்கையோடு ஒட்டின, கொஞ்சம் ஆம்பளைத்தனமான வீடாக மாற்ற ஆசை. இன்டீரியர் செய்கிற ஒருவர் காட்டுப் படம் போட்ட வால்பேப்பர், மரக்கலர் பேனல், பிளாஸ்டிக் புல் சுவர், கறுப்பு ஃபால்ஸ் சீலிங், ரெக்சின் சோபா என்று மூன்றரை லட்சம் சொல்கிறார். அக்காவோ, "அம்மா வாசமே இல்லாம பண்ணிடாதடா" என்கிறாள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கன்னங்குறிச்சி.

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய போட்டோக்களை நாலைந்து தடவை பார்த்தேன். இரண்டாவது போட்டோவில் ஷோகேஸுக்குப் பின்னால் ஒரு ஜன்னலின் மேல் பாதி மட்டும் தெரிகிறது. வடக்குப் பார்த்த ஜன்னல், பின்னால் இன்னும் காலி மனைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கன்னங்குறிச்சியில் வடக்கே திறந்த ஜன்னல் என்றால் அங்கே சேர்வராயன் மலை நிற்கிறது. அதை ஷோகேஸால் மறைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் எந்த நாட்டுக் காட்டையோ ஒட்டப் போகிறார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

முதல் வேலை, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஷோகேஸை நகர்த்துங்கள். ஒரு பைசா செலவில்லை. ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் ஜன்னல் வழியாக மலையைப் பாருங்கள். பெயிண்ட் கடையின் கலர் கார்டு அதற்கப்புறம்தான்.

உங்கள் வீட்டு நிறம் முழுக்க அந்த மலையிலேயே இருக்கிறது. சேர்வராயனின் உடம்பு சார்னோக்கைட் என்ற கல். நாம் பொதுவாகக் கருங்கல் என்றுதான் சொல்கிறோம். புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், எண்ணெய் தடவினது போல ஒரு கருநீலச் சாம்பல் தெரியும். மலை உச்சியில் பாக்சைட் கலந்த செம்மண். அடிவாரத்தில் நம் ஊருக்கே அடையாளமான வெள்ளைக்கல், அதுதான் மேக்னசைட். நடுவில் காபித் தோட்டத்தின் மங்கின பச்சை. வெள்ளை, சாம்பல், செம்மண், பச்சை, இந்த நாலு போதும். ஐந்தாவது நிறம் எதுவும் இந்த வீட்டுக்குள் வர வேண்டாம்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் சிறிய வீடு தப்பிப்பதும் மாட்டிக்கொள்வதும். கனமான நிறம் கீழே இருக்க வேண்டும், மேலே போகப் போக வெளுக்க வேண்டும். உங்களுக்குச் சொன்ன திட்டம் தலைகீழ். கறுப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தலைக்கு மேலே வைக்கிறார்கள். உங்கள் கூரை ஒன்பதரை அடி. ஃபால்ஸ் சீலிங் போட்டால் அரை அடிக்கு மேல் போய்விடும், அதோடு ஃபேனும் இறங்கும், போதாததற்குக் கறுப்பு. நிமிர்ந்து உட்காரவே தோன்றாது. சேலத்து வெயிலுக்கு அது நல்லது என்று சொல்லியிருப்பார்கள். வெயிலை மொட்டை மாடியிலேயே நிறுத்துவதுதான் நல்லது. மாடித் தரையில் வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ, பழையபடி கெட்டியாகச் சுண்ணாம்போ அடியுங்கள். சித்திரைக்கு முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

பத்து வருஷம் முன்னால் என் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க அடர்ந்த பச்சை அடித்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கோ மத்தியானம் இரண்டு மணிக்கே லைட் போட வேண்டியிருந்தது. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். சுவர் முழுக்க வெள்ளைக்கல் வெள்ளை அடியுங்கள். பளீரென்ற வெள்ளையாக இல்லாமல், துளி சாம்பல் கலந்ததாக, பளபளப்பில்லாத மேட் எமல்ஷனில். தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் அந்தக் கருங்கல் சாம்பல். பழைய ஸ்கூல்களில் கீழ்ப்பாதிச் சுவருக்கு வேறு நிறம் இருக்குமே, அந்த அளவுதான். நாற்காலி உரசினாலும் கை பட்டாலும் அழுக்கு தெரியாது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒன்று. மூன்றாவது போட்டோவில் கிச்சன் பக்கச் சுவரில் பட்டி உப்பு பூத்து உதிர்கிறது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால், ஈரத்தை நிறுத்தாமல் மேலே எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் உரிந்துதான் வரும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து தரை. வாசல்படி ஓரம் அந்த வினைல் விரிப்பு கிழிந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு தெரிகிறது. அது ரெட் ஆக்சைடு தரை! உங்கள் தாத்தா போட்டு, அம்மா எத்தனையோ வருஷம் துடைத்துப் பளபளப்பாக்கிய தரையாக இருக்கும். நான் சொன்ன செம்மண் நிறம் இதுதான், காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. விரிப்பை உரித்துவிட்டு, ஒட்டியிருக்கும் பசையை மெதுவாகச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஆசிட் பக்கமே போகாதீர்கள், நிறம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். வெடிப்புகளைச் சிமெண்டில் ரெட் ஆக்சைடு பொடி கலந்து அடைக்கலாம், கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், தெரியட்டும். காய்ந்ததும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துவிட வேண்டும். அப்பா நடக்கிற வீடு, வழுக்கக் கூடாது.

நீங்கள் எழுதிய ஆம்பளைத்தனம் என்ற வார்த்தையை நான் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் சாமான், அதுவும் கனமான சாமான், பாசாங்கு இல்லாத சாமான் என்றுதான் எனக்குப் புரிகிறது. மரம் போலப் பிரிண்ட் அடித்த பேனல் அதற்கு நேர் எதிர். ஒரே ஒரு நிஜ மரச் சாமான் செய்யுங்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்ச், திண்ணை மாதிரி. ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம், பதினெட்டு அங்குல உயரம். இந்த உயரத்தில் விடாப்பிடியாக இருங்கள். இன்டீரியர் விளம்பரப் போட்டோக்களில் வரும் தாழ்ந்த சோபாவில் உங்கள் அப்பா உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டியிருக்கும். ரெக்சினோ, வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும், சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும்.

பெஞ்சின் மேல்பலகைக்கு சில்வர் ஓக் கேட்டுப் பாருங்கள். ஏற்காடு போகும்போது காபிச் செடிகளுக்கு நிழலாக நெட்டுக்குத்தாக நிற்குமே, மிளகுக் கொடி ஏறியிருக்குமே, அந்த மரம். வெளிர் பழுப்பில் லேசாகச் சிவப்பு ஓடும். சரியான வாக்கில் அறுத்த பலகையைச் சாய்த்துப் பிடித்தால் மீன் செதில் போல மினுங்கும். மரக்கடையில் பில்லோடு வாங்குங்கள். ஒரு குறை உண்டு, இதற்குக் கரையானைத் தாங்கும் சக்தி குறைவு. அதனால் பலகைக்கு மருந்தடித்து, சுவரில் படாமல் இரண்டு விரல் தள்ளிப் போட்டு, காலுக்கு இரும்புச் சதுரக் குழாய் வைத்துவிடுங்கள். பாலிஷ் மேட்டில் இருக்கட்டும். பெஞ்ச் மேல் பஞ்சு மெத்தையும் ஒரு பவானி ஜமக்காளமும் போதும். சாம்பலும் பச்சையும் கோடு போட்டதாகத் தேடி வாங்குங்கள். முரட்டுப் பருத்தி, எத்தனை தடவை துவைத்தாலும் தாங்கும்.

ரூமில் இருக்கும் இரும்பு பீரோவைத் தூக்கிப் போட வேண்டாம். லாரி, வேனுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. கொடுத்து, காபி இலைப் பச்சையில் பளபளப்பில்லாமல் ஸ்ப்ரே அடித்து வாங்குங்கள். வீட்டில் பச்சை இந்த ஒரு இடத்தில் அழுத்தமாக இருந்தால் போதும்.

கர்ட்டனுக்குப் பதில் மூங்கில் தட்டி. லைட் எல்லாம் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட எல்.இ.டி, மஞ்சள் வெளிச்சம். கூரையில் எட்டு லைட் வேண்டாம், பெஞ்ச் பக்கம் ஒன்று, சாப்பிடுகிற இடத்தில் ஒன்று, பொதுவாக ஒன்று.

செடி வைக்க ஆசை இருக்கும். ஏற்காட்டிலிருந்து ஃபெர்னும் ஆர்க்கிடும் வாங்கி வராதீர்கள். அந்த ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் வளர்ந்தது கீழே இறங்கினால் நம் ஊர்ப் பங்குனி வெயிலிலேயே கருகிவிடும், பார்க்கப் பாவமாக இருக்கும். ஸ்நேக் பிளான்ட் என்கிற மருள் செடி இரண்டு தொட்டி வையுங்கள். கத்தி போல நிமிர்ந்து நிற்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் போதும், நீங்கள் கேட்ட கம்பீரமும் அதில் இருக்கிறது.

செலவு, என் கணக்கில் அந்த இன்டீரியர்காரர் சொன்ன தொகையில் பாதிக்குள் முடியும். மாடிப் பூச்சும் பெஞ்சும்தான் பெரிய செலவு.

இனி அக்கா சொன்னது. அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பொம்மைகளை அவரையும் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு பிரித்து வையுங்கள். அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் மூவருக்கும் கதை தெரிந்த இரண்டு மூன்று மட்டும் வீட்டில் இருக்கட்டும். கடைசிப் போட்டோவில் ஹால் சுவரில் விளக்கு மாடம் ஒன்று இருக்கிறது. மேல் விளிம்பில் புகை படிந்து கறுத்திருக்கிறது, உள்ளே அதே பிங்க். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். பெயிண்டர் வருகிற அன்று மாடத்தின் விளிம்பைச் சுற்றி நீங்களே டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே பட்டியும் வேண்டாம், பிரஷும் வேண்டாம், புகையைக்கூடத் துடைக்க வேண்டாம். சாயங்காலம் அப்பா விளக்கேற்றும்போது சுற்றியுள்ள வெள்ளைச் சுவர் நடுவில் அந்த ஒரு ஜாண் பிங்க் மட்டும் தெரியட்டும்.