சம்பளம் வராத வேலைக்கு ஏன் கண் விழிக்கிறாள்?

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்று பேசியதில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். மூன்றாம் வருஷம் படிக்கிற பொண்ணு ராத்திரி இரண்டு மணி வரை காசு வராத ஏதோ வேலையைச் செய்கிறாளே, எதற்கு? அப்புறம், ஒன்றரை லட்சம் கடன் வாங்கி அவளை ஒரு கோர்ஸில் சேர்க்கலாமா? இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வட்டிக்கு வாங்கி இதைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

அவள் உட்கார்ந்திருப்பது ஜிசிசி என்ற கம்பைலரோடு. நாம் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது கம்பைலர், ஓடும்போது எந்த இடத்தில் உதைக்கிறது என்று நிறுத்திப் பார்க்க உதவுவது டீபக்கர். ஜிடிபி டீபக்கர் 1986-இலும் ஜிசிசி 1987-இலும் வந்தவை, இரண்டையும் தொடங்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்புகிறவர்கள் எல்லாரும் சும்மா செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், நிறையப் பேர் இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் மாதிரிக் கம்பெனிகளில் இதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். ஒழுங்கான கம்பைலர் இல்லாத சிப்பை யார் வாங்குவார்கள்?

நீங்கள் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், அதனால் இது உங்களுக்குப் பிடிக்கும். பழைய கம்பைலரை வைத்துப் புது ஜிசிசியைக் கட்டுவார்கள், அந்தப் புதியதை வைத்து அதையே மறுபடி கட்டுவார்கள், அதை வைத்து மூன்றாவது தடவையும் கட்டி, இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். லேத்துக்கு வேண்டிய ஸ்பேரை அதே லேத்தில் கடைந்து, மாட்டி, திரும்பக் கடைந்து மைக்ரோமீட்டர் வைக்கிற மாதிரிதான். ஒத்துப்போகவில்லையென்றால் எங்கோ கோளாறு.

பிறகு கட்டிய கம்பைலர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள். மணிக்கணக்கில் ஓடும். அன்றைக்குத் திரையில் வரிசையாக ஃபெயில் என்று வந்து அவள் அழுதாள் என்றீர்களே, அது அவள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். அங்கே எப்போதும் கொஞ்சம் ஃபெயில் இருக்கும், எக்ஸ்ஃபெயில் என்று வந்தால் அது தோற்கும் என்று முன்பே தெரிந்தது. கை வைப்பதற்கு முன் ஒரு தடவை, கை வைத்த பின் ஒரு தடவை ஓட்டி, புதிதாக எது விழுந்தது என்று பார்ப்பதுதான் கணக்கு. ரிப்பேருக்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் அளவு குறித்து வைப்பீர்களே, அதேதான்.

அவளுக்கு ஒரு வார்த்தை: எடுத்தவுடன் பெரிய திருத்தம் எழுதாதே. யாரோ புகார் செய்த இரண்டாயிரம் வரி புரோகிராமை, அதே கோளாறு வருகிற பத்து வரியாகச் சுருக்கிக் கொடு, சி-ரெட்யூஸ் என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. அதை எந்த அனுபவசாலியும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். ஜிசிசி மாதிரியே திறந்து கிடக்கும் இன்னொரு கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் பக்கம் போனால் புதியவர்களுக்கென்றே குறித்துவைத்த சின்ன வேலைகள் கிடைக்கும். அனுப்பியதற்குப் பதில் வரவில்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து மரியாதையாக ஞாபகப்படுத்து, கோபித்துக்கொண்டு போய்விடாதே.

புது லேப்டாப்பும் இப்போது வேண்டாம் அண்ணே. எட்டு ஜிபி ராம் உள்ள மெஷினில் எல்எல்விஎம்மை டீபக் முறையில், அதாவது கோளாறு தேட வேண்டிய தகவலையும் சேர்த்துக் கட்டினால், துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்க் கட்டத்தில் திணறும், உண்மைதான். அந்தத் தகவல் இல்லாத ரிலீஸ் முறையில், ஒரு சிப்புக்கு மட்டும், ஒரு நேரத்தில் ஒரே லிங்க் என்று வைத்தால் ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம். கொஞ்சம் வேலை செய்து காட்டிய பிறகு கம்பைல் ஃபார்ம் என்ற இடத்தில் அக்கவுண்ட் கேட்கலாம், தூரத்து மெஷின்களை இலவசமாகத் தருகிறார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், இந்த வேலைக்கு ஓஎம்ஆரில் இருப்பதைவிடப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும்தான் இடம் அதிகம். வியாசர்பாடியை விட்டு அனுப்ப மனசு வருமா என்று இப்போதே வீட்டில் பேசிவையுங்கள். காலேஜ் பிளேஸ்மென்ட்டையும் விடக்கூடாது, அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். அடுத்த ஜூன் வரை பார்ப்போம். அதற்குள் அவள் பெயரில் ஒரே ஒரு திருத்தமாவது உள்ளே போயிருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே பயோடேட்டாவின் மேலே போடச் சொல்கிறேன். அதுவரை ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் விழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள்.